அரிசோனா பாலைவனத்தில் குடும்பத்தோடு குடியேற எந்த ஊர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபீனிக்ஸ் பக்கம் வேலை கிடைத்துவிட்டது, பிள்ளைகள் இரண்டு பேர், எந்த ஊரில் வீடு பார்க்கலாம் என்று மாதத்துக்கு ஒருவராவது எங்களிடம் கேட்கிறார்கள். நாங்கள் இங்கே வந்து 12 வருடம் ஆகிறது. இரண்டு ஊர்களில் வாடகைக்கு இருந்து, மூன்றாவது ஊரில் வீடு வாங்கினோம். ஃபோனில் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். அமெரிக்காவில் எங்கே வீடு தேடினாலும் பொருந்தும் விஷயங்களை விட்டுவிட்டேன். பாலைவனம் என்பதால் மட்டும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

நேரடியாகச் சொல்லிவிடுங்கள், எந்த ஊர்?

வேலை எங்கே என்று முதலில் சொல்லுங்கள். இன்டெல்லின் ஓகோட்டிலோ வளாகம் தெற்கு சேண்ட்லரில் இருக்கிறது. மைக்ரோசிப்பின் தலைமையகமும் சேண்ட்லர்தான். அந்தப் பக்கம் வேலை என்றால் சேண்ட்லர், கில்பர்ட், தெற்கு டெம்பி, அவாட்டுக்கி ஆகிய நான்குக்குள் தேடினால் போதும். தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி என்றால் கதையே வேறு. அது ஃபீனிக்ஸின் வடக்குக் கோடியில், ஐ-17 நெடுஞ்சாலையும் லூப் 303-ம் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் வடக்கு ஃபீனிக்ஸ், ஆந்தம், வடக்கு பியோரியா பக்கம் பார்க்க வேண்டும். சொந்தக்காரர்கள் சேண்ட்லரில் இருக்கிறார்கள் என்பதற்காக அங்கே வீடு எடுத்துவிட்டு தினமும் டிஎஸ்எம்சிக்கு ஓட்டினால் ஒரு வழிக்கே 40 மைலுக்கு மேல் ஆகும். நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

வேலை, பள்ளிக்கூடம், மளிகை மூன்றும் அரை மணி நேரத்துக்குள் இருக்கிற ஊர்தான் நல்ல ஊர் என்பது என் கருத்து. மற்ற இடங்களில் இது வசதி சம்பந்தப்பட்ட விஷயம். இங்கே ஜூலை மாதத்தில் கார் நடுவழியில் நின்றுபோனால், பின் சீட்டில் குழந்தை இருந்தால், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கார் பேட்டரிகூட இந்தச் சூட்டில் இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் தாங்குவதில்லை.

சென்னை வெயிலைப் பார்த்தவர்கள் நாங்கள். அதைவிடவா?

ஆமாம். சென்னையில் வியர்த்துக் கொட்டும், உடம்பே "போதும், உள்ளே போ" என்று சொல்லிவிடும். இங்கே காற்று அவ்வளவு உலர்ந்தது, வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும். தண்ணீர் குறைவது தெரியாமலேயே தலைவலி வந்து, கால் தடுமாற ஆரம்பிக்கும். வந்த புதிதில் பிள்ளைகளிடம் "தாகமா?" என்று கேட்காதீர்கள். நேரம் வைத்துத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்சம் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையவில்லை. (இங்கே வெறும் டிகிரி என்றால் ஃபாரன்ஹீட்தான்.) 2024-இல் தொடர்ந்து 113 நாள் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டையோ அதற்கு மேலோ தொட்டது. 1990 ஜூன் 26 அன்று 122 டிகிரி பதிவானது, அது 50 செல்சியஸ். பகலை எப்படியோ சமாளித்துவிடலாம். ஜூலையில் பல நாள் விடியற்காலையில்கூட 90 டிகிரிக்குக் கீழே இறங்காது. தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு முழுக்கத் திருப்பித் தருகின்றன. மரம் அதிகம் உள்ள பழைய தெருக்களுக்கும், மொட்டையாக நிற்கிற புது லேஅவுட்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் இரவில்தான் தெரியும். 2023-இல் ஃபீனிக்ஸ் இருக்கும் மரிக்கோப்பா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் 645 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். வீட்டுக்குள்ளே இறந்தவர்களும் அதில் உண்டு. அந்த வீடுகளில் பெரும்பாலும் ஏசி வேலை செய்யவில்லை.

அதனால் வீடு பார்க்கும்போது சமையலறை மேடையைப் பார்ப்பதற்கு முன் ஏசி எந்த வருடத்தது என்று கேளுங்கள். எங்கள் முதல் வாடகை வீட்டில் ஒரு ஜூலை சனிக்கிழமை மத்தியானம் ஏசி நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றார்கள். இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குள் 95 டிகிரி. எட்டு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்கு ஓடினோம், மூன்று இரவு அங்கேதான். அவர்கள் பத்து நிமிட தூரத்தில் இருந்தார்கள். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று, பெரிய ஜன்னல்கள் மேற்கே பார்த்திருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் அந்த அறையை மறந்துவிட வேண்டியதுதான். வாடகை வீடு என்றால் ஃபீனிக்ஸ் நகர விதிப்படி வீட்டு உரிமையாளர் கொடுக்கும் ஏசி 82 டிகிரிக்காவது குளிர வைக்க வேண்டும். நீங்கள் போகும் ஊரில் விதி என்ன என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் பிள்ளைகள் விளையாடுவது எப்போது?

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காலை ஏழு மணிக்கு முன்னால், இல்லையென்றால் தண்ணீருக்குள். நகராட்சி நீச்சல் குளம், நூலகம், கூரைக்குள் இருக்கும் விளையாட்டுக்கூடம், இவைதான் கோடை. இதை வைத்தே ஊரை எடை போடலாம். வீட்டுக்குப் பக்கத்தில் நூலகம் இருக்கிறதா, பூங்காவில் ஊஞ்சலுக்கு மேலே நிழல் துணி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிழல் இல்லாத சறுக்கு மரத்தில் என் பெரியவள் மூன்று வயதில் உட்கார்ந்து தொடையைச் சுட்டுக்கொண்டாள். அப்போது மே மாதம், காலை பத்தரை மணிதான் ஆகியிருந்தது. தார்ச்சாலை 160 டிகிரியைத் தாண்டும், வெறுங்காலில் ஓடவே விடாதீர்கள்.

ஆனால் நவம்பர் வந்ததும் இந்த ஊரைப் போல ஒரு ஊர் கிடையாது. ஜனவரியில் பகல் 67 டிகிரி, வானம் துடைத்துவிட்ட மாதிரி. கில்பர்ட்டில் வாட்டர் ரான்ச் என்ற இடத்தில் ஏரிகள் இருக்கின்றன. சுத்திகரித்த கழிவுநீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்குவதற்காக வெட்டியவை. அங்கே வரும் பறவைகளைப் பார்க்க குளிர்கால சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு போவோம். சவுத் மவுண்டன் பூங்கா 16,000 ஏக்கர், நகரத்துக்குள்ளேயே. சவாரோ கள்ளிச்செடிகளுக்கு நடுவே நடக்கலாம். ஆறு மாதம் வெளியே, ஆறு மாதம் உள்ளே என்று வாழ்க்கையைப் பழக்கிக்கொண்டால் பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் இல்லை.

பள்ளிக்கூடங்கள் எங்கே நன்றாக இருக்கின்றன?

ஊர் பெயரை வைத்துப் பள்ளியை முடிவு செய்யாதீர்கள். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது பொதுப்பள்ளிகளை நடத்தும் வட்டாரம், அதன் எல்லையும் ஊர் எல்லையும் ஒன்றல்ல. கில்பர்ட்டுக்குள்ளேயே கில்பர்ட், ஹிக்லி, சேண்ட்லர் என்று பல டிஸ்ட்ரிக்ட்டுகள் வருகின்றன. கைரீன் டிஸ்ட்ரிக்ட்டில் எட்டாம் வகுப்பு வரைதான், அதற்கு மேல் டெம்பி யூனியன் என்ற வேறு டிஸ்ட்ரிக்ட். சேண்ட்லர் யூனிஃபைடில் ஹாமில்டன் போன்ற பெரிய உயர்நிலைப் பள்ளிகள். நம்மவர்கள் பலர் பேசிஸ் சேண்ட்லர் என்ற சார்ட்டர் பள்ளிக்கு (அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்துவது) ஆசைப்படுவார்கள். கட்டணம் இல்லை, ஆனால் இடம் கிடைப்பது குலுக்கலில். கிடைத்தாலும் பாடச்சுமை அதிகம், எல்லாக் குழந்தைக்கும் ஒத்துவராது. என் பிள்ளைகளை நாங்கள் பக்கத்துப் பொதுப்பள்ளியில்தான் போட்டோம், வருத்தமே இல்லை.

அரிசோனாவில் ஓப்பன் என்ரோல்மெண்ட் உண்டு. இடம் காலியாக இருந்தால் எல்லைக்கு வெளியே உள்ள பொதுப்பள்ளியிலும் சேர்க்கலாம். பஸ் மட்டும் வராது, நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். அப்புறம், பழைய பகுதிகளில் பிள்ளைகள் குறைந்து பள்ளிகளை மூடும் பேச்சு பல டிஸ்ட்ரிக்ட்டுகளில் நடக்கிறது. நீங்கள் பார்க்கும் பள்ளியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் கேளுங்கள்.

இங்கே பள்ளி ஆகஸ்ட் கடைசியில் திறக்காது. சேண்ட்லரில் ஜூலை மூன்றாவது, நான்காவது வாரமே திறந்துவிடும், அதற்குப் பதிலாக அக்டோபரில் இரண்டு வார விடுமுறை. ஆகஸ்ட் நடுவில் வந்து இறங்கினால் குழந்தை பாதி வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

தண்ணீர் தீர்ந்துபோகும் என்கிறார்களே, அங்கே வீடு வாங்கலாமா?

இதைக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் பலர் கேட்பதே இல்லை. இங்கே எல்லா ஊருக்கும் ஒரே தண்ணீர் கிடையாது.

தண்ணீர் மூன்று வழியில் வருகிறது. ஒன்று, சால்ட், வெர்டி ஆறுகள். 1911-இல் கட்டி முடித்த ரூஸ்வெல்ட் அணையும் அதற்குப் பின் வந்த அணைகளும் அதைத் தேக்குகின்றன. எஸ்ஆர்பி என்ற அமைப்பு வாய்க்கால் வழியாகக் கொடுக்கிறது. அந்த வாய்க்கால்களில் சில, இங்கே வாழ்ந்த ஹோஹோகாம் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கையால் வெட்டிய தடத்திலேயே ஓடுகின்றன. இரண்டாவது, கொலராடோ ஆறு. ஹவாசு ஏரியிலிருந்து 336 மைல் கால்வாயில், பாலைவனத்தைக் குறுக்காகக் கடந்து வருகிறது. 2022-இலிருந்து அதில் அரிசோனாவுக்கு வெட்டு விழுந்துகொண்டிருக்கிறது. அந்த ஆற்றின் பற்றாக்குறைப் பங்கீட்டுக்காக 2007-இல் செய்த விதிகள் 2026-ஓடு முடிகின்றன. மூன்றாவது, நிலத்தடி நீர்.

1980-இல் வந்த சட்டப்படி இங்கே புது வீட்டுமனைகள் போட வேண்டும் என்றால் 100 வருடத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஃபீனிக்ஸ், சேண்ட்லர், கில்பர்ட், மேசா, டெம்பி, ஸ்காட்ஸ்டேல், பியோரியா நகராட்சிகள் ஊருக்கே சேர்த்து அந்தத் தகுதியை வாங்கிவைத்திருந்தன. ஓரத்தில் வேகமாக வளர்ந்த குவீன் க்ரீக், பக்கை போன்ற ஊர்களில் நிலத்தடி நீரை நம்பியே பல மனைகள் வந்தன. 2023 ஜூனில், நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புது மனைப்பிரிவுகளுக்கு இனி அனுமதி இல்லை என்று மாநில அரசு அறிவித்தது. முன்பே அனுமதி வாங்கிய வீடுகளை அது தொடவில்லை. அந்த ஊர்களும் வெளியிலிருந்து தண்ணீர் வாங்க முயன்றுவருகின்றன. அதே வருடம் ஜனவரியில் ஸ்காட்ஸ்டேலை ஒட்டிய ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸ் என்ற இடத்துக்கு லாரித் தண்ணீர் நின்றது. ஸ்காட்ஸ்டேல் நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்ததால், நகரக் குழாயிலிருந்து லாரியில் ஏற்ற விடவில்லை. பல லட்சம் டாலர் வீடுகளில் மழைநீரைப் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றினார்கள். 2003, 2019 வருடங்களில் சென்னையில் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வீடு நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா? தண்ணீர் பில் யார் அனுப்புகிறார்கள்? அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? விற்பனை ஏஜெண்ட் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று சொன்னால் நகராட்சி அலுவலகத்துக்கே ஃபோன் போடுங்கள், பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

குவீன் க்ரீக், மரிக்கோப்பா, சான் டான் வேலியில் அதே விலைக்குப் பெரிய வீடு கிடைக்கிறதே?

கிடைக்கும். நாங்களும் அப்படித்தான் இரண்டாவது வாடகை வீட்டைத் தென்கிழக்குக் கோடியில் எடுத்தோம். நான்கு படுக்கையறை, பெரிய கொல்லைப்புறம். என் கணவர் தினமும் இரண்டு மணி நேரம் சாலையில் இருந்தார். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்த ஒரு நாள், சாலையில் விபத்து, போய்ச் சேர 70 நிமிடம். அந்த வருடமே காலி செய்துவிட்டோம். இருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறீர்கள் என்றால் இந்த ஊர்கள் நல்ல தேர்வுதான், அதை மறுக்க மாட்டேன்.

மரிக்கோப்பா பற்றி ஒரு குழப்பம். ஃபீனிக்ஸ் இருக்கும் கவுண்டியின் பெயர் மரிக்கோப்பா. மரிக்கோப்பா என்ற ஊரோ பக்கத்து பினால் கவுண்டியில் இருக்கிறது. ஃபீனிக்ஸ் பக்கம் வருவதற்கு அந்த ஊருக்கு முக்கியச் சாலை 347 மட்டும்தான், காலையில் அது நகராது. மகா கணபதி கோவில் அந்த ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்வருவது சுகம்.

விலை திடீரென்று குறைவாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். சேண்ட்லர் பக்கத்தில் சன் லேக்ஸ், வடமேற்கில் சன் சிட்டி போன்றவை 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்புகள். பிள்ளைகளோடு குடியிருக்க முடியாது. ஃபீனிக்ஸ்-மேசா கேட்வே விமான நிலையத்தை ஒட்டிய வீடுகளில் விமானச் சத்தம். ஒரு மாலை அங்கே நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்குக் கார் ஓட்ட வராது. வேலைக்கான அனுமதியும் இன்னும் வரவில்லை. எனக்கு எந்த ஊர்?

டெம்பி, அல்லது மேற்கு மேசாவில் லைட் ரயில் பாதையை ஒட்டிய இடம். டெம்பியில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருப்பதால் பஸ்ஸும் ரயிலும் ஓரளவு இருக்கின்றன. படிப்பைத் தொடரவும் வழி உண்டு. வீட்டின் அளவு குறையும், விலை கூடும். பரவாயில்லை. புது நாட்டில், 110 டிகிரியில், நான்கு சுவருக்குள் கணவர் வரும் வரை உட்கார்ந்திருந்த பெண்கள் பலரை எனக்குத் தெரியும். முதல் வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஊரை முடிவு செய்யும்போது வேலைக்குப் போகிறவரின் தூரத்தை மட்டும் அளக்காதீர்கள் என்று கணவர்மார்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வந்த உடனே ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் தொடங்கினால் எளிது.

தேள், புழுதிப்புயல், ஏதோ காய்ச்சல் என்றெல்லாம் சொல்கிறார்களே?

மூன்றும் உண்மை. பார்க் (மரப்பட்டை) தேள் என்ற வெளிர்நிறத் தேள் சுவரில் ஏறும், சின்னச் சந்துக்குள் நுழையும். பாலைவனத்தை ஒட்டிய புது மனைகளில் அதிகம். இரவில் புற ஊதா விளக்கு அடித்தால் பச்சையாக மின்னும். வீடு வாங்கும் முன் ஒரு இரவு அந்த விளக்கோடு சுற்றுச்சுவரைப் பார்த்துவிடலாம். பெரியவர்களுக்கு வலி மட்டும்தான் பெரும்பாலும். சின்னக் குழந்தையைக் கொட்டினால் காத்திருக்க வேண்டாம், 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணை அழையுங்கள். மூச்சுத் திணறினால், கண் நிலைகொள்ளாமல் சுழன்றால் நேராக 911. 2011-இல் அங்கீகாரம் பெற்ற மாற்றுமருந்து இருக்கிறது.

புழுதிப்புயலை ஹபூப் என்பார்கள், மழைக்காலமான ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை வரும். ஓட்டும்போது வந்தால் சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதுதான் பாதை என்று நினைத்து வந்து மோதுவார்.

காய்ச்சல் என்பது வேலி ஃபீவர். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை புழுதியோடு நுரையீரலுக்குள் போவதால் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பலருக்கு ஒன்றும் தெரியாமலேயே போய்விடும். கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கடுமையாகலாம், நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? இருமலும் அசதியும் வாரக்கணக்கில் நீடித்தால் "வேலி ஃபீவர் பரிசோதனை செய்யுங்கள்" என்று நீங்களாகவே மருத்துவரிடம் கேளுங்கள். சுற்றிலும் கட்டுமானம் நடக்கும் புது லேஅவுட்டில் புழுதி அதிகம், வீடு தேடும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

நீச்சல் குளம் இருக்கிற வீடு வாங்கலாமா?

பிள்ளைக்கு ஆறு வயது ஆகவில்லை என்றால் என் பதில் வேண்டாம். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் இறப்பதற்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் குளத்தைச் சுற்றி ஐந்தடித் தடுப்பும், தானாக மூடித் தாழிடும் கதவும் வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. மனதுக்குப் பிடித்த வீட்டில் குளம் இருந்துவிட்டால், சாமான் இறக்கும் முன் வேலியைப் போடுங்கள்.

செலவு?

மாநில வருமான வரி எல்லோருக்கும் 2.5 சதவீதம். கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறவர்களுக்கு நிம்மதி. மின்சாரம் தருவது மேலே சொன்ன எஸ்ஆர்பியா, ஏபிஎஸ் என்ற நிறுவனமா என்பது வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது, நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கள் வீட்டில் ஆகஸ்ட் பில், பிப்ரவரி பில்லைப் போல மூன்று மடங்கு. விற்பவரிடம் போன வருட ஜூலை, ஆகஸ்ட் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அம்மா அப்பாவை ஊரிலிருந்து எப்போது அழைக்கலாம்?

அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை. ஆறு மாதத் தங்கலைக் கோடையில் வைத்துவிட்டு, அவர்களை வீட்டுக்குள் அடைத்துவிடாதீர்கள். அவர்கள் நடந்து போக நடைபாதையும், பேச நாலு தமிழ்க் குடும்பமும் வேண்டும் என்றால் சேண்ட்லரும் கில்பர்ட்டும்தான். வார இறுதித் தமிழ் வகுப்புகளும் இந்தப் பக்கம் கிடைக்கும். சேண்ட்லரில் லீ லீ சூப்பர் மார்க்கெட்டில் கீரையும் கிழங்குமாகக் காய்கறிப் பகுதியே ஒரு சந்தை மாதிரி இருக்கும். முருங்கை இங்கே நன்றாக வளரும். உறைபனியில் கருகினாலும் வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக் குளிர் இரவுகளில் உள்ளே எடுத்துவிடுங்கள். என் அப்பா வந்தால் முதல் வேலை அந்தத் தொட்டிக்கு மண் மாற்றுவதுதான்.

டூசான், ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற குளிர்ந்த ஊர்கள்?

டூசான் சுமார் 2,400 அடி உயரத்தில் இருப்பதால் சில டிகிரி குறைவு. பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் உண்டு, அமைதியான ஊர். அங்கே வேலை இருந்தால் யோசிக்காமல் போங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி, பனி கொட்டும், ஃபீனிக்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அது ஜூலை வார இறுதிக்கு ஓடிப்போகும் ஊர்.

வந்ததும் வாங்கலாமா, வாடகைக்கு இருக்கலாமா?

முதல் வருடம் வாடகை. ஜனவரியில் பறந்து வந்து, இளவெயிலில் தோட்டத்தைப் பார்த்து மயங்கி, அன்றைக்கே முன்பணம் கட்டியவர்கள் என் நண்பர்களிலேயே மூன்று பேர். முடிந்தால் ஜூலையில் ஒரு வேலைநாளில் வாருங்கள். காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஓட்டிப் பாருங்கள். மாலை நான்கரைக்குத் திரும்பி, அந்தத் தெருவில் காரை விட்டு இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடங்கள். அப்புறம் எந்த வீடு என்று பேசலாம், எங்கள் வீட்டில் மோர் கலக்கி வைக்கிறேன்.